கங்காணி கை வெற்றிலை

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை ஒரு பிசாங் கோரெங்கில் பிறந்தது.

பாசிர் கூடாங்கில் ஒரு தொழிற்சாலையில் பாதுகாப்பு அதிகாரியாகக் குப்பை கொட்டி ஓய்வு பெற்றவன் நான். கை கழுவிவிட்டுச் சாப்பிடுங்கள் என்று நான் போட்ட கூச்சலில் கடலுக்கு அக்கரையில் சிங்கப்பூர்க்காரர்கள்கூடக் கை கழுவிக்கொண்டார்கள். அப்படிப்பட்ட என் கண்ணெதிரே ஒருநாள், போர்மன் செபஸ்தியன் ரசாயனப் பீப்பாயைப் பிடித்த கையாலேயே பிசாங் கோரெங்கை, அதாவது வாழைப்பழப் பொரியலை, எடுத்துத் தன் ஆட்களுக்கு ஒவ்வொன்றாக நீட்டினார். ஒருவர் விடாமல் வாங்கித் தின்றார்கள்.

"ஏம்ப்பா வாங்குனீங்க?"

"அலமாக், சார்! அண்ணன் ஆசையா குடுக்குறாரு. வேணாம்னா அவரு மூஞ்சி என்னாகும்லா?"

அந்த மூஞ்சிதான் கதை. அதை முப்பதுகளின் தொடக்கத்துக்கு, ரெங்கம் பக்கத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றுக்குத் தூக்கிக்கொண்டு ஓடுகிறேன். ஏன் அவ்வளவு தூரம்? செபஸ்தியன் இன்னும் உயிரோடு இருக்கிறார். என்னைவிட உயரம்.

2

ரப்பர் மரங்களுக்கிடையே பனி மெல்ல

[வேண்டாம். பனியில் ஆரம்பித்தால் எனக்கே கொட்டாவி வருகிறது.]

யானையையே மறைக்கும் உயரத்தில் லாலாங் புல்

[யானை கொஞ்சம் அதிகம். ஆளை மறைக்கும். சரி, இடுப்பளவு. இதற்குக் கீழே இறங்கமாட்டேன்.]

கருப்பாயிக்கு வெற்றிலையைப் பார்த்தாலே வயிற்றைப் புரட்டியது.

[இது நிற்கும்.]

கருப்பாயியும் அவள் புருஷன் வேலுவும் மருந்தடிக்கும் கேங்கில் இருந்தார்கள். மருந்தென்றால் பாஷாணம். காரத்தோடு காய்ச்சி, தண்ணீரில் கலக்கி, முதுகில் பம்பு கட்டி லாலாங் மேல் அடிப்பது. புல் கருகும். சொட்டுப் பட்ட காலில் புண் வரும். அது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அதனால் காலில் தேங்காயெண்ணெய் தடவிச் சாக்குத் துணி சுற்றிக்கொண்டார்கள். காலைக் காப்பாற்றத் தெரிந்தவர்களுக்கு வாயைப் பற்றித்தான் நினைவு வரவில்லை.

மருந்தைக் கலக்குவது கங்காணி அய்யாவு ஒருவரே. வேறு யாரையும் பீப்பாய்ப் பக்கம் விடமாட்டார். "வெந்தா என் கை வேகட்டும். நீங்க புள்ளகுட்டிக்காரங்க" என்பார். நல்ல மனிதர். [கெட்டவராக எழுதிப் பார்த்தேன். கதை அரைப்பக்கத்தில் முடிந்துவிட்டது.]

வெயில் ஏறியதும் வேலையை நிறுத்துவார். கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு குந்துவார். வெற்றிலையைத் தொடையில் வைத்துக் காம்பு கிள்ளி, ஆள்காட்டி விரலால் சுண்ணாம்பு தடவி, பாக்கு வைத்துச் சுருட்டி, பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கொடுப்பார். தானும் போட்டுக்கொள்வார். கங்காணி கையால் சுருள் வாங்கியவர் அவருடைய ஆள். வேண்டாம் என்றவர் பெயரை மறுநாள் காலை வேலைக்கு ஆளெடுக்கும் பெரட்டில் கூப்பிட மாட்டார்கள்.

வேலு அவருக்குச் செல்லம். அவனுக்கு இரண்டு சுருள்.

3

டிரெசர் அமலநாதன் மேல் எனக்குச் சந்தேகம் இருக்கிறது. முதல் வரைவில் அவர் குதிரையில் வந்தார். தோட்டத்து ஆஸ்பத்திரியில் கட்டுப்போட்டு மருந்து கொடுக்கும் டிரெசருக்குக் குதிரை ஏது? சைக்கிளுக்கு இறக்கினேன். அதுவும் பகட்டாகத் தெரிந்தது. இப்போது நடந்து வருகிறார், செருப்பும் கடிக்கிறது. ஆனால் மூளையை மட்டும் குறைக்கவில்லை.

வேலு வாந்தியும் கால் எரிச்சலுமாக ஆஸ்பத்திரியில் கிடந்தான். படுத்தால் தேறுவான். வேலைக்குப் போனால் மறுபடி வந்து படுப்பான். இது மூன்றாவது தடவை.

"வீட்டுல என்ன சாப்பிடுறான்?" என்று டிரெசர் கேட்டார்.

"நான் பொங்குற சோறுதாங்க. நானும் அதத்தான் திங்கிறேன்" என்றாள் கருப்பாயி.

"வேற?"

"வேற என்னங்க, கங்காணி வெத்தல. எனக்கு ஒன்னு, இவருக்கு ரெண்டு."

டிரெசர் நிமிர்ந்தார். "மருந்து கலக்குறதும் அவருதானே? கை கழுவுவாரா?"

"வேட்டில தொடச்சுக்குவாரு."

சொல்லி முடிக்கும்போதே அவளுக்குப் புரிந்துவிட்டது. கட்டிலில் கிடந்தவனைப் பார்த்தாள். இன்னொரு தடவை எழுந்துபோய் அந்தச் சுருளை வாங்கினால் இவன் திரும்பி வரமாட்டான்.

"நீங்களே கங்காணியாருகிட்ட சொல்லிருங்க ஐயா. கும்புட்டுக்கிறேன்."

டிரெசர் நொண்டிக்கொண்டே போய்ச் சொன்னார். கேங்கு முழுதும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சொன்னார். அங்கேதான் பிசகு.

"என் கையில வெசமா?" அய்யாவு எழுந்து நின்றார். "இந்தக் கையில வாங்கித் தின்ன சனம்யா இது! நீ ஊசி போட்டு செத்தவன எல்லாம் நான் எண்ணட்டுமா?"

அன்றைக்கு ஆளுக்கு இரண்டு சுருள் கொடுத்தார். தன் கை சுத்தம் என்று காட்டுவதற்காக. எல்லோரும் தின்றார்கள், அவரை நம்புகிறோம் என்று காட்டுவதற்காக. வேலுவின் பங்கைத் தனியே மடித்துக் கருப்பாயியிடம் தந்தார்.

"ஆஸ்பத்திரிக்கு எடுத்துட்டுப் போ. பாவம், வாய் வறண்டு கெடப்பான்."

அவள் அதை வழியில் கால்வாயில் போட்டாள். 

4

(கொஞ்சம் பிரசங்கம். அவசரக்காரர்கள் ஐந்துக்குத் தாவலாம், கோபிக்கமாட்டேன்.)

எங்கள் தொழிலில் ஒரு வரிசை உண்டு. ஆபத்தை அகற்று. முடியாவிட்டால் அதற்கும் ஆளுக்கும் நடுவே தடுப்பு வை. அதுவும் முடியாவிட்டால்தான் கையுறை. நான் நடத்திய வகுப்புகளைக் கேட்டுத் தூங்கியவர்களை வரிசையாகப் படுக்க வைத்தால் குளுவாங் வரை நீளும். ஆனால் விஷம் பாசத்தில் சுருட்டி வந்தால் எதை அகற்றுவது? பாசத்தையா?

முடிவுகள் சிலவற்றை எழுதிப் பார்த்தேன்.

(அ) துரை வந்து உத்தரவு போடுகிறார். [என் கதையை முடிக்க வெள்ளைக்காரன் வேண்டுமா? போகச் சொல்.]

(ஆ) கருப்பாயி வாங்கி, மரத்துக்குப் பின்னால் துப்பிவிடுகிறாள். [அவள் வாய் தப்பும். பக்கத்தில் குந்தியிருப்பவள் வாய்?]

(இ) கங்காணி செத்துப்போகிறார். [எழுதினேன். குமுறிக் குமுறி அழுதேன். கிழித்தேன். அழுதது பொய், கிழித்தது நிஜம்.]

5

சாயங்காலம் கருப்பாயி கங்காணி வீட்டுக்குப் போனாள். அவர் பெண்சாதி ராசம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

[ராசம்மாவுக்கு நான் ஒதுக்கியது ஒரே வரி: கதவைத் திறந்து, "அவரு இல்லயே" என்பாள். திறந்தவள் உட்கார்ந்துவிட்டாள். எழுப்ப முடியவில்லை.]

"அக்கா, கங்காணியாருக்குக் காலு எரியுதா?"

"ஏன்டி கேக்குற? எரியுது எரியுதுன்னு ஒரே பொலம்பல். உள்ளங்கை வேற மரப்பட்ட மாதிரி தடிச்சுப் போச்சு."

"எங்க வீட்டு ஆளுக்கும் அப்படித்தான் எரியுது."

முறம் நின்றது.

"அப்ப அந்த டிரெசரு சொன்னது..."

"நான் சொன்னா நாளைக்கு எனக்கு வேல இல்லக்கா. சொல்லாட்டி எனக்கு எங்க வீட்டு ஆளு இல்ல."

"நீ சொல்லாத. இந்த மனுசன்கிட்ட கைய கழுவுங்கன்னா காலையும் கழுவ மாட்டாரு. எனக்குத் தெரியும் வழி."

மறுநாள் வெற்றிலை நேரத்துக்கு ராசம்மா காட்டுக்கே வந்தாள். இடுப்பில் வாளி, கையில் தகர டப்பா, முந்தானையில் சவுக்காரக் கட்டி. அய்யாவு அப்போதுதான் முதல் சுருளை மடித்திருந்தார்.

"இங்க எங்கடி வந்த?"

"வெத்தல வாங்க வந்தேன். ஊருக்கெல்லாம் மடிக்கிறீங்க, கட்டுனவளுக்கு மடிச்சு எத்தன வருசமாச்சு? குடுங்க. ஆனா ஒன்னு, எனக்குக் குடுக்குற கைய கழுவிட்டுத்தான் குடுக்கணும். கல்யாணத்தன்னிக்கு அப்படித்தானே குடுத்தீங்க?"

கேங்கு சிரித்த சிரிப்பில் லாலாங் மருந்தடிக்காமலே சாய்ந்தது. அய்யாவுக்குக் காதெல்லாம் சிவந்தது. வாளியைப் பார்க்காமல் கையை வேறு பக்கம் நீட்டினார்.

"இவ கெடக்கா. இந்தா கருப்பாயி, வேலு பங்கு."

சிரிப்பு நின்றது. எல்லாக் கண்ணும் கருப்பாயி மேல்.

அவள் எழுந்தாள். சுருளிடம் போகவில்லை, வாளியிடம் போய்க் குனிந்தாள். ராசம்மா டப்பாவால் மொண்டு ஊற்றினாள். கருப்பாயி சவுக்காரம் போட்டு நகக்கண் வரை தேய்த்துக் கழுவினாள். ஈரக் கைகளை நீட்டிக்கொண்டு அய்யாவு முன்னால் வந்து நின்றாள்.

"நீங்க குடுக்குற வெத்தலங்க. அழுக்குக் கையால வாங்கலாமா? இப்பக் குடுங்க."

பின்னால் இன்னொருத்தி எழுந்து வாளிக்குப் போனாள். பிறகு ஒருவன். பிறகு எல்லோரும். ராசம்மா ஊற்றிக்கொண்டே இருந்தாள். கடைசியில் அந்தக் காட்டில் ஈரமாகாத கை அய்யாவுடையது மட்டுமே, அதில் ஒரு சுருள். வாளியில் ஒருவர் கைக்குத் தண்ணீர் மீதி இருந்தது.

6

அய்யாவு குனிந்து தன் உள்ளங்கையைப் பார்த்தார். பிறகு

[இல்லை, இதை எழுதமாட்டேன். அவர் வாளியிடம் போகிறாரா, சுருளைத் தானே வாயில் போட்டுக்கொள்கிறாரா, எனக்குத் தெரியும். அந்தப் பொரியலுக்குப் பிறகு செபஸ்தியன் என்ன செய்தார் என்பதும் தெரியும். இரண்டையும் சொல்லப்போவதில்லை. கருப்பாயி ஈரக் கையோடு நிற்கிறாள். அவளை எவ்வளவு நேரம் நிற்கவைப்பது என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள்.]

யோசித்துக்கொண்டே விரலை நாக்கில் தொட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டப் போகிறீர்கள், பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். கொஞ்சம் பொறுங்கள். அந்த விரல் காலையிலிருந்து எதை எதை எல்லாம்