டிக்கியில் கிடக்கும் குழந்தை சீட்

நான் சின்னவன். வயது இருபத்து நான்கு. அக்கா வீட்டிலிருந்து இரண்டு பஸ் மாறிப் போகிற தூரத்தில், நான் வேலை செய்யும் கார் சீட் கவர் கடையின் பின்வாசலில் நிற்கிறேன். விரலெல்லாம் பசை. தொட்டு எழுத முடியாததால் வாயால் சொல்கிறேன், ஃபோன் எழுதிக்கொள்கிறது. நடுவில் சம்பந்தமில்லாத வார்த்தை வந்தால் அது ஃபோனுடையது. கோபமான வார்த்தை வந்தால் அது என்னுடையது.

நேற்று அத்தான் நம் குடும்பக் குழுவில் போட்ட படத்தை எல்லோரும் பார்த்துவிட்டீர்கள். காரின் முன் சீட்டில் பக்கத் தையல் பிரிந்து தொங்கும் கவர். கீழே, 'உங்கள் வீட்டுப் பிள்ளையின் கைவேலை' என்று ஒரு வரி. பெரியப்பா உடனே வயிற்றெரிச்சல் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். சித்தி, வெளிநாட்டுக் காற்றுப் பட்டால் பிள்ளைகள் இப்படித்தான் என்றார். அப்பா இரண்டே வார்த்தையில் மன்னிப்புக் கேட்கச் சொல்லிவிட்டார். ஏன்டா பிரித்தாய் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. அதனால் நானே சொல்கிறேன். இன்று சாயங்காலம் அத்தான் ஆபீஸிலிருந்து வந்ததும் அக்காவையும் குழந்தை வாலுவையும் ஏற்றிக்கொண்டு நெடுஞ்சாலையில் கிளம்புகிறார். அதற்குள் ஒரு வேலை ஆக வேண்டும். நீளமாக இருந்தாலும் தள்ளிவிடாமல் படியுங்கள்.

போன மழைக்காலத்தில் அக்கா வந்த டாக்சி, முன்னால் நின்ற வண்டியில் போய் மோதியது உங்களுக்குத் தெரியும். அக்காவுக்குக் கழுத்தில் பட்டை போட்டார்கள். மடியில் இருந்த வாலுவுக்கு ஒன்றும் ஆகவில்லை. பெற்றவள் கை விடுமா என்று அம்மா அழுதுகொண்டே சொன்னாள். அதை நீங்கள் ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டீர்கள்.

அன்றிலிருந்து அத்தான் வேறு மனிதர் ஆகிவிட்டார். அதற்கு முன் அவருக்குக் கார் என்றால் நான்கு சக்கரம், ஒரு பாட்டுப் பெட்டி. விபத்துக்குப் பிறகு சாப்பிடும்போதுகூட, பொம்மை மனிதர்களை உட்காரவைத்து வண்டியைச் சுவரில் மோதவிடும் வீடியோக்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். எந்த வண்டியின் கூடு நசுங்குகிறது, எது தானாகப் பிரேக் பிடிக்கிறது, ஏர்பேக் எங்கெங்கே இருக்கிறது, எல்லாம் விரல் நுனியில். சீட்டின் வெளி ஓரத்துக்குள்ளேயும் ஒரு ஏர்பேக் மடித்து வைத்திருப்பார்கள், இடித்தால் தையலைப் பிளந்துகொண்டு வரும் என்பதைச் சீட் கவர் கடையில் வேலை செய்யும் எனக்கே அவர்தான் முதலில் சொன்னார். குழந்தை சீட்டையும் அவர்தான் தேடித் தேடி வாங்கினார். இதையெல்லாம் மறைக்க மாட்டேன். என் கோபத்துக்கு முக்கால்வாசிக் காரணமே இதுதான். ஒன்றும் தெரியாதவர் என்றால் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போயிருப்பேன்.

புதிதாகச் சின்னக் கார் வாங்குவதா, ஒருவர் ஓட்டிய பெரிய கார் வாங்குவதா என்று இந்தக் குழுவில் நடந்த பட்டிமன்றம் நினைவிருக்கும். பெரியப்பா, பிறத்தியார் ஓட்டித் தள்ளியதை நாம் எதற்கு வாங்க வேண்டும் என்றார். அத்தான் அசையவில்லை. பாதுகாப்புக்கே பேர் போன பெரிய சொகுசு வண்டி, நான்கு வருடப் பழசு, அதுதான் வேண்டும் என்றார். பார்க்கப் போகும்போது சீட்டைச் சோதிக்க என்னையும் கூட்டிக்கொண்டு போனார்.

பழைய கார் விற்கும் அந்த இடத்தில் கோட் போட்ட ஒருவர் எங்களைச் சுற்றிக் காட்டினார். அத்தான் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தார். கதவுக்குக் கதவு பெயின்ட் நிறம் ஒன்றா என்று வெயிலில் சாய்ந்து பார்த்தார். கண்ணாடிகளின் மூலையில் போட்டிருக்கும் வருடத்தை ஒவ்வொன்றாகப் படித்தார். பானெட் போல்ட்டுகளில் ஸ்பேனர் பட்ட தழும்பு தேடினார். தரையில் மல்லாந்து படுத்து அடியைப் பார்த்தபோது கோட்டுக்காரர் என்னிடம், சார் வாங்க வந்தாரா, பிரசவம் பார்க்க வந்தாரா என்று கேட்டார். நான் கார்ப்பெட்டைத் தூக்கி ஈர வாடை இருக்கிறதா என்று மோந்து பார்த்தேன். எல்லா பெல்ட்டையும் கடைசி வரை இழுத்தேன். தேய்மானம் இல்லை, வெடுக்கென்று இழுத்தால் பிடித்து நிறுத்தியது. சாவியைத் திருப்பியதும் ஏர்பேக் விளக்கு எரிந்து, பிறகு தானாக அணைந்தது. அது எரியாமலே இருந்தாலும் தப்பு, அணையாமல் இருந்தாலும் தப்பு. இதில் இரண்டும் இல்லை. வண்டியில் பொய் இல்லை. கோட்டுக்காரர் பேச்சிலும் இல்லை. அந்தக் காரைப் பற்றி இன்றைக்கும் என்னிடம் ஒரு குறையும் கிடையாது.

அக்கா ஒன்றே ஒன்றுதான் கேட்டாள், வாலுவின் சீட் இதில் உட்காருமா என்று. பின் சீட்டின் இடுக்கில் இருந்த இரண்டு கொக்கிகளில் அதை வைத்து அழுத்தினோம். கிளிக் என்று மாட்டி, பச்சை அடையாளம் காட்டியது. அக்கா அதைப் பிடித்து ஆட்டிப் பார்த்தாள். காரே ஆடியது, சீட் ஆடவில்லை. விபத்துக்குப் பிறகு அக்கா முகம் தெளிந்து அன்றைக்குத்தான் பார்த்தேன். முன்பக்க வெயில் மறைப்பில் குழந்தைப் படம் போட்டு அதன் மேல் சிவப்புக் கோடு இழுத்த ஸ்டிக்கர் இருந்தது. அத்தான் அதை எனக்குத் தனியாகக் காட்டினார்.

"முன்னாடி இருக்கற ஏர்பேக் பஞ்சு மூட்டை இல்ல மச்சான். கண்ண மூடித் திறக்கறதுக்குள்ள குத்து மாதிரி வரும். பெரியவங்க தாங்குவாங்க. குழந்தை தாங்காது. அதான் முன்னாடி உக்கார வெக்கக் கூடாதுங்கறான்."

இதைச் சொன்னது அத்தான். எழுத்து மாறாமல் இதுதான் சொன்னார்.

கார் வீட்டுக்கு வந்தது. சீட் எல்லாம் பிஸ்கட் நிறத் தோல். அங்கேதான் சனி பிடித்தது. சில வாரம் கழித்து அத்தான் குழந்தை சீட்டைக் கழற்றித் துடைத்தபோது, தோலில் அதன் அடிப்பாகம் அழுந்தி இரண்டு பள்ளம் விழுந்திருந்தது. மனிதர் துடித்துப்போனார். வாலுவுக்குக் கால் சுளுக்கியபோதுகூட அப்படித் துடிக்கவில்லை. திரும்ப விற்கும்போது இந்தப் பள்ளத்துக்கு யார் பதில் சொல்வது என்றார். அன்றைக்கு டிக்கிக்குப் போன சீட் திரும்பி வரவில்லை.

அதற்கு நீங்களும் ஒரு கை கொடுத்தீர்கள். கோபித்துக்கொண்டாலும் சொல்லித்தான் ஆக வேண்டும். வீடியோ காலில் வாலு அந்த சீட்டில் அழுவதைப் பார்த்துவிட்டு அம்மா சொன்னாள்: "ஐயோ, என்ன தப்பு பண்ணிச்சுன்னு பச்சப் புள்ளைய இப்படிக் கட்டிப் போட்டிருக்கீங்க? பெத்தவ மடி இல்லையா?" சித்தி ஆமாம் என்றாள். பெரியப்பா, நாங்களெல்லாம் கட்டிப் போட்டா வளர்த்தோம் என்றார். அத்தான் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். 'அத்தையே சொல்லிட்டாங்க' என்றார்.

ஆக, வாலு இப்போது முன் சீட்டில், அக்கா மடியில். இருவரையும் சேர்த்துப் பெல்ட் போட முடியாது. பெல்ட் போடவில்லை என்றால் கார் டிங் டிங் என்று கத்துகிறது. அத்தான் அதற்கும் வழி கண்டுபிடித்தார். பெல்ட்டின் நாக்கு மாதிரியே ஒரு வெறும் இரும்புத் துண்டு கடையில் விற்கிறது. அதைச் செருகிவிட்டால் பெல்ட் போட்டாயிற்று என்று கார் நம்பிவிடும், சத்தம் நின்றுவிடும். உலகத்திலேயே பத்திரமான காரை வாங்கி, அதற்கே பொய் சொல்லிக் கொடுத்தாயிற்று.

கடைசியில் கவர். முதலில் எங்கள் கடைக்குத்தான் வந்தார். சீட்டின் வெளி ஓரத்தை மூட மாட்டோம், ஏர்பேக் வர வழி விட்டுத்தான் தைப்போம் என்று முதலாளி சொன்னார். நானும் சொன்னேன். அத்தான் சிரித்தார். பாதித் துணி போட்டுக்கொண்டு கல்யாணத்துக்குப் போன மாதிரி இருக்கும் என்றார். நேராக வேறொரு கடைக்குப் போய், தடித்த ரெக்சினில் இரட்டைத் தையல் போட்டு, சீட்டையே மூட்டை மாதிரி கட்டி எடுத்து வந்துவிட்டார்.

எனக்கு இது தெரியாது. நேற்று மத்தியானம் சாப்பிட வரச் சொன்னார்கள். வாலுவின் தொப்பியை எடுத்து வரக் கீழே காருக்குப் போனபோதுதான் பார்த்தேன். ஏர்பேக் என்று எழுதிய சின்ன நாடா கவருக்கு அடியில் புதைந்து கிடந்தது. பெல்ட் மாட்டும் இடத்தில் அந்த இரும்பு நாக்கு. டிக்கியைத் திறந்தால் பழைய பெட்ஷீட், தண்ணீர் கேன், அதற்கெல்லாம் அடியில் தலைகீழாகக் குழந்தை சீட்.

அத்தான் இறங்கி வந்தார். நான் முதலில் மரியாதையாகத்தான் கேட்டேன், நீங்களே சொன்னதுதானே அத்தான் என்று. அவர் காரைத் தட்டிக்கொடுத்தார், குதிரையைத் தட்டுவது போல.

"மச்சான், அதெல்லாம் சாதா காருக்கு. இது மேல லாரி ஏறினாக்கூட லாரிக்குத்தான் செலவு."

"கார் தாங்கும் அத்தான். உள்ள இருக்கறவ தாங்கணும்ல?"

"உங்கக்கா தாங்கினவதான். ஒரு தடவை பாத்தாச்சு."

அதற்குப் பிறகும் நிறுத்தவில்லை. தன் கடைக்கு வேலை வராத ஆத்திரத்தில் தையல்காரன் பேசுகிறான் என்றார். சொந்தமாக ஒரு சைக்கிள் வாங்க வக்கில்லாதவன் எனக்குக் கார் பாடம் எடுக்கிறான் என்றார். அதற்கெல்லாம் எனக்குக் கோபம் வரவில்லை. 'ஒரு தடவை பாத்தாச்சு' என்றாரே, அதில்தான் என் கை சட்டைப் பைக்குப் போனது. தையல் பிரிக்கும் கத்தி எப்போதும் அதில் இருக்கும். இரண்டு முன் சீட்டின் வெளி ஓரத்துத் தையலையும் மேலிருந்து கீழ் வரை பிரித்தேன். தோலில் ஒரு கீறல் இல்லை, வேண்டுமானால் வீடியோ காலில் காட்டச் சொல்லிப் பாருங்கள். அந்த இரும்பு நாக்கைப் பிடுங்கித் தெருச் சாக்கடையில் போட்டேன். அத்தான் என் காலரைப் பிடித்தார். நானும் அவர் கையைப் பிடித்தேன். அதற்குள் அக்கா வாலுவை இடுப்பில் வைத்துக்கொண்டு இறங்கி வந்து நடுவில் நின்றாள்.

"நீ போடா. நான் பாத்துக்கறேன்."

"எப்படிப் பாத்துப்ப? கையாலயா?"

அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். நான் கிளம்பி வந்துவிட்டேன். ஏன் அப்படிக் கேட்டேன் என்று அவளுக்கும் எனக்கும்தான் தெரியும். இப்போது உங்களுக்கும் சொல்லப்போகிறேன். அக்கா, இதற்காக நீ என்னோடு ஆயுசுக்கும் பேசாவிட்டாலும் சரி.

அன்றைக்கு டாக்சியில் அக்கா வாலுவைப் பிடித்துக்கொள்ளவில்லை. பிடிக்க முடியவில்லை. இரண்டு கையாலும் இறுக்கிக் கட்டிக்கொண்டுதான் இருந்தாள். டாக்சி மெதுவாகத்தான் போய் மோதியது. ஆனாலும் குழந்தை கையை விட்டுப் பறந்து முன் சீட்டின் முதுகில் இடித்துக் கீழே விழுந்தாள். முன்னால் இருந்தது மெத்தென்ற சீட் முதுகு என்பதால் நெற்றியில் ஒரு வீக்கத்தோடு போயிற்று. கழுத்துப் பட்டையோடு ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது என்னிடம் மட்டும் சொன்னாள். "நான் விடலடா. சத்தியமா விடல. ஆனா கையில இல்ல." அதற்குள் பெற்றவள் கை விடுமா என்று நீங்கள் கதை கட்டி முடித்திருந்தீர்கள். அத்தனை பேர் புகழும்போது, என் கையில் நிற்கவில்லை என்று எப்படி வாயைத் திறப்பாள்? ஒவ்வொரு தடவையும் வாலுவை மடியில் வைத்துக்கொண்டு அந்தக் காரில் ஏறும்போது அவள் மனசு என்ன பாடு படும் என்று யோசித்தீர்களா? அத்தானுக்குக் கார் மேல் நம்பிக்கை. உங்களுக்கு அக்கா கை மேல் நம்பிக்கை. அக்காவுக்கு இரண்டிலும் இல்லை. ஆனால் உட்காருவது அவள்தான்.

இன்றைக்குப் போவது ஊருக்குள் ஊர்ந்து போகும் டாக்சி இல்லை. நெடுஞ்சாலை. வேகமாகப் போகும்போது இடித்தால் மடியில் இருக்கும் குழந்தைக்கு முன்னால் இருப்பது மெத்தை இல்லை, அந்த ஏர்பேக். ஏர்பேக்குக்கும் அக்காவுக்கும் நடுவில் வாலு.

வெயில் மறைப்பு ஸ்டிக்கரில் இருந்த குழந்தை யார் வீட்டுக் குழந்தை என்று அத்தான் நினைத்தார்?

தையலைப் பிரித்ததற்கு நான் மன்னிப்புக் கேட்கப்போவதில்லை. அத்தான் என் எண்ணைத் தடுத்து வைத்துவிட்டார். அக்கா ஃபோனை எடுக்கவில்லை. முதலாளியிடம் கெஞ்சிப் பார்த்தேன், வேலை முடியாமல் விட மாட்டேன் என்கிறார். விட்டாலும் இரண்டு பஸ் மாறி நான் போய்ச் சேருவதற்குள் அவர்கள் கிளம்பிவிடுவார்கள்.

அம்மா, நீ சொன்னால் அக்கா கேட்பாள், அத்தானும் மறுக்க மாட்டார். மடி போதும் என்று சொன்னது நீதான், போதாது என்றும் நீதான் சொல்ல வேண்டும். அம்மா பார்க்காவிட்டால் அப்பா, சித்தி, பெரியப்பா, யாராக இருந்தாலும் சரி. இதை முதலில் படிப்பவர்கள் உடனே அக்காவுக்கு ஃபோன் செய்யுங்கள். டிக்கியில் இருக்கும் குழந்தை சீட்டை எடுத்துப் பின்னால் மாட்டி, வாலுவை அதில் உட்காரவைத்த பிறகு கிளம்பச் சொல்லுங்கள். அழுதால் அழட்டும். பச்சை அடையாளம் வந்ததா என்று கேட்டு, எனக்கு ஒரு வார்த்தை போடுங்கள்.