முப்பத்தேழாம் நம்பர் கால்

எங்கள் ஊர்க்காரர்கள் ஆளின் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் காலைப் பார்ப்பார்கள். ஆம்பூரில் பாதி வீடுகளுக்குச் சோறு போடுவது செருப்பும் ஷூவும்தான், அதனால் வந்த பழக்கம். எவ்வளவு பெரிய மனிதர் வந்து நின்றாலும், தையல் நேராக இருக்கிறதா, தோல் அசலா என்று ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் வணக்கம் சொல்வோம். இந்தப் பழக்கம்தான் என்னைக் கெடுத்தது. இல்லை, பழக்கத்தின் மேல் ஏன் பழியைப் போட வேண்டும்? என் புத்திதான் கெட்டுப்போனது.

நான் வேலை செய்வது ஒரு ஷூ கம்பெனியின் சாம்பிள் ரூமில். வெளிநாட்டிலிருந்து சரக்கு வாங்க வருகிறவர்களைப் பையர் என்போம். பையருக்குக் காட்டப் புது மாடல் செய்யும்போது எல்லா அளவிலும் செய்ய மாட்டார்கள். பெண்கள் மாடல் என்றால் முப்பத்தேழாம் நம்பரில் ஒரே ஒரு ஜோடி. என் கால் முப்பத்தேழு. அகலம், மேடு, குதிகால் எல்லாமே அச்சு அசல். எந்த மாடல் முடிந்தாலும் "பாக்கியாவ கூப்டு" என்பார்கள். தையலை நிறுத்திவிட்டுப் போய், போட்டு, நடந்து காட்டுவேன். எங்கள் வீட்டில் உள்ள அத்தனை சாமானையும் விற்றாலும் வாங்க முடியாத ஷூவெல்லாம் என் காலில் ஏறி இறங்கியிருக்கிறது. சாயந்திரம் வீட்டுக்குப் போகும்போது அதே காலில் ரப்பர் செருப்பு.

மற்றபடி, கையில் இருப்பதை வைத்துப் பெரிய இடத்துப் பெண் மாதிரி கிளம்ப எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். ஆடித் தள்ளுபடியில் எடுத்த புடவைக்கும் கஞ்சி போட்டு, மடிப்பு மடிப்பாகத் தேய்த்தால் அது வேறு புடவை. ரவிக்கையை நானே தைத்துக்கொள்வேன், தோளில் ஒரு சுருக்கம் விழாது. கவரிங் நகையை அள்ளிப் போட்டால் அதுவே காட்டிக்கொடுத்துவிடும். ஒரே ஒரு மெல்லிய செயின் போட வேண்டும். அப்போதுதான், மீதியைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டு வந்திருக்கிறாள் என்று நினைப்பார்கள். பஸ்ஸில் போனாலும் கடைசித் தெருவுக்கு மட்டும் ஆட்டோ பிடித்துக்கொள்ள வேண்டும். எங்கள் தெருப் பெண்கள் கல்யாணத்துக்குக் கிளம்பும் முன்னால் என் வீட்டுக்கு வந்து ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டிவிட்டுத்தான் போவார்கள்.

அப்படிப்பட்ட என்னை என் ஓரகத்தி ஜெயம்மாள் ஒரு சீமந்தத்தில், பத்துப் பேர் நடுவில், கீழிருந்து மேலே பார்த்துவிட்டுச் சொன்னாள்: "ஏம்மா பாக்கியா, ஷூ கம்பெனில வேல செய்ற, உங்க முதலாளி உனக்கு ஒரு நல்ல செருப்பு குட்க மாட்டாரா? இன்னா இது, பாத்ரூம் செருப்ப போட்டுனு வந்துக்கிற?"

எல்லாரும் சிரித்தார்கள். என் வீட்டுக்காரரும் சிரித்தார், அதுதான் வயிற்றெரிச்சல். வாயில் "போங்கக்கா" என்று சிரித்து மழுப்பினேன். மனசில் என்ன சொன்னேன் என்பதை எழுத முடியாது.

அந்த ஜெயம்மாள் வேலூரில், சத்துவாச்சாரியில், மாடி வைத்து வீடு கட்டிவிட்டாள். போன ஞாயிற்றுக்கிழமை கிரகப்பிரவேசம். பத்திரிகை வந்த நாளிலிருந்து நான் சரியாகச் சாப்பிடவில்லை. புடவை இருக்கிறது, செயின் இருக்கிறது, காலுக்கு என்ன செய்வது?

சாம்பிள் ரூம் பீரோவின் சாவி சைராக்காவிடம் இருக்கும். முடிந்த சாம்பிளைத் துடைத்து, பேப்பர் அடைத்து, பூட்டி வைப்பது அவர் பொறுப்பு. முன்பு பேக்கிங்கில் நாள் முழுக்க நின்று நின்று முட்டி தேய்ந்துபோய், டாக்டர் இனி நிற்கவே கூடாது என்று சொன்ன பிறகு, கெஞ்சிக் கூத்தாடி இந்த உட்கார்ந்த வேலைக்கு வந்தவர். அந்த நாற்காலி இல்லாவிட்டால் அவருக்குக் கம்பெனியே இல்லை. இது எனக்குத் தெரியும். தெரிந்துதான் கேட்டேன்.

சனிக்கிழமை மதியம் அந்த ஜோடி முடிந்திருந்தது. சந்தன நிறம், சின்ன ஹீல்ஸ், உள்பக்கம் முழுக்க வெள்ளை ஆட்டுத்தோல், குழந்தையின் கன்னம் மாதிரி. பையரே அனுப்பிய தோல், இன்னொரு ஜோடிக்குத் துண்டு கிடையாது. திங்கட்கிழமை பதினோரு மணிக்குப் பையர் வந்து பார்க்கப்போகிறார். நான் போட்டு நடந்து காட்டினேன். கழற்ற மனசு வரவில்லை. ஜெயம்மாள் கதையைச் சைராக்காவிடம் சொன்னேன். சொல்லும்போது கண்ணில் தண்ணீரும் வந்தது. கொஞ்சம் நானே வரவழைத்ததும்தான்.

சைராக்கா சுற்றிலும் பார்த்தார். "அரே, இதுக்குப் போய் அழுவியா? போட்டுனு போ. கேட்டுல பையத்தான் பாப்பான், கால எவன் பாக்குறான்? திங்கக்கெழம காலைல ஃபஸ்ட் பஸ்ல வந்துரு. உன் ஓரகத்தி வாயப் பொளக்கணும், ஆமா!"

என் ரப்பர் செருப்பைப் பீரோவுக்குள் ஒளித்துவைத்துவிட்டு, சந்தன நிற ஹீல்ஸோடு நான் கேட்டைத் தாண்டினேன். வாட்ச்மேன் என் டிபன் பையைத் திறந்து பார்த்துவிட்டுப் போகச் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்காரரோடு கிரீன் சர்க்கிளில் பஸ்ஸை விட்டு இறங்கி ஆட்டோ பிடித்து, வாழைமரம் கட்டிய வாசலில் போய் இறங்கினேன். வலது காலை முதலில் வெளியே நீட்டி, ஒரு நொடி அப்படியே வைத்திருந்து இறங்கினேன். நிமிர்ந்து பார்த்தால், வாசலில் செருப்பு மலை மாதிரி குவிந்திருக்கிறது.

கிரகப்பிரவேசத்தில் செருப்போடு வீட்டுக்குள் போக முடியுமா? சின்னக் குழந்தைக்குத் தெரியும். எனக்குத் தெரியாதா? ஆனால் சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நிமிஷம் வரைக்கும் அது எனக்குத் தோன்றவே இல்லை. கால், கால் என்று காலையே நினைத்துக்கொண்டிருந்தவளுக்கு வாசற்படி ஞாபகம் வரவில்லை. என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். அதுவும் அந்த ரப்பர் செருப்பால்.

என் வீட்டுக்காரர் ஷூவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "கழட்டு, பால் காய்ச்சிட்டாங்களாம்" என்றார். மூலையில் ஒரு செங்கல்லுக்குப் பின்னால் யாரும் மிதிக்காதபடி வைத்துவிட்டு வெறுங்காலோடு உள்ளே போனேன்.

டிபன் முடிந்ததும் சுமங்கலிகளை வரிசையாக உட்காரவைத்து, ஜெயம்மாளே ஒவ்வொருத்தர் காலுக்கும் மஞ்சள் பூசிக்கொண்டு வந்தாள். என் முன்னால் குனிந்து, என் காலைக் கையில் எடுத்தாள். "பரவால்லியே பாக்கியா, ஒரு வெடிப்பு இல்ல. கால நல்லா வெச்சினுக்கிற" என்றாள். நிஜமாகத்தான் சொன்னாள், குத்தல் இல்லை. அதோடு சும்மா இருந்திருந்தால் ஒரு கேடும் இல்லை. எனக்குத்தான் அது போதவில்லை.

கிளம்பும்போது வழியனுப்ப அவள் வாசல் வரைக்கும் வந்தாள். இதுதான் சமயம் என்று செங்கல்லுக்குப் பின்னாலிருந்து ஷூவை எடுத்து அவசர அவசரமாகக் காலை நுழைத்தேன். புடவையை லேசாகத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "வர்றோங்கக்கா" என்றேன். அதே நேரத்தில் ஒரு பெரிய கார் வந்து நின்றது. "அடடே, வாங்க வாங்க!" என்று ஜெயம்மாள் என்னைத் தாண்டிக்கொண்டு ஓடினாள். அவள் குனியவும் இல்லை, பார்க்கவும் இல்லை.

மஞ்சள் ஞாபகம் பஸ்ஸில்தான் வந்தது. அங்கேயே கழற்றிப் பார்த்தேன். வெள்ளைத் தோலில் ஐந்து விரல், உள்ளங்கால் வளைவு, குதிகால், எல்லாம் பளிச்சென்று மஞ்சளாகப் பதிந்திருந்தது. வீட்டுக்கு வந்து பதற்றத்தில் சோப்புப் போட்டுத் தேய்த்தேன். மஞ்சளில் சோப்புப் பட்டால் சிவக்கும் என்று தெரியாத பொம்பளையா நான்? விரல் நுனியெல்லாம் செங்கல் நிறமாகி, தோலும் சுருங்கிவிட்டது. உட்கார்ந்து அழுதேன். இந்தத் தடவை எதையும் வரவழைக்கவில்லை.

திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் போனேன். சைராக்கா ஷூவை வாங்கி உள்ளே பார்த்தார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பேப்பர் அடைத்து, பீரோவில் வைத்து, என் ரப்பர் செருப்பை எடுத்து என் முன்னால் போட்டார். "நான் சார்கிட்ட சொல்லிடறேன்க்கா" என்றேன். "இரு, பாக்கலாம்" என்றார்.

பார்க்க நேரமில்லை. மேனேஜர் சுஹேல் சார் ஒன்பது மணிக்கே வந்து அந்த ஜோடியைக் கேட்டார். பேப்பரை உருவினார். அவர் முகம் மாறியது. ரூமில் மெஷின் எல்லாம் ஒவ்வொன்றாக நின்றது.

"யாரு வேல இது?"

நான் எழுந்தேன். எழுந்ததாகத்தான் எனக்கு ஞாபகம். வாய் திறக்கவில்லை. பிள்ளைகள் முகம் வந்தது, வீட்டு வாடகை வந்தது, ஜெயம்மாள் சிரிப்புகூட வந்தது.

"நான்தான் சார்," என்றார் சைராக்கா. "ஆசப்பட்டு ஊட்டுக்கு போட்டுனு போய்ட்டேன். மன்னிச்சிருங்க."

சார் ஷூவை மூக்கருகே கொண்டுபோய் மோந்தார். பிறகு சைராக்காவின் காலைப் பார்த்தார். முட்டிவலிக்காக எப்போதும் போடும் கறுப்பு சாக்ஸ். சைராக்கா வீட்டில் யார் காலுக்கு மஞ்சள் பூசப்போகிறார்கள்? அவர் பார்வை அப்படியே தரையோடு நகர்ந்து என் காலில் வந்து நின்றது. ரூமில் இருந்த அத்தனை பேரும் என் காலைப் பார்த்தார்கள். ரப்பர் செருப்பில், நகக்கண் வரைக்கும் மஞ்சளாக என் கால். அப்போதும் நான் பேசவில்லை.

பதினோரு மணிக்குப் பையர் வந்தார், ஒரு வெள்ளைக்கார அம்மா. இந்த ஜோடி இன்னும் தயாராகவில்லை என்று சொல்லி வேறு மாடல்களைக் காட்டினார்கள். நான்தான் போட்டு நடந்தேன். அந்த அம்மா என் மஞ்சள் காலைப் பார்த்து, அழகாக இருக்கிறது என்று சிரித்ததாகச் சார் சொன்னார். சொல்லும்போது அவர் சிரிக்கவில்லை.

சாப்பாட்டுக்குப் பிறகு சைராக்காவின் நாற்காலி காலியாக இருந்தது. பேக்கிங்குக்கு அனுப்பிவிட்டார்கள். நின்றுகொண்டே செய்கிற வேலை.

நேராகச் சார் ரூமுக்குப் போனேன். "சார், போட்டுனு போனது நான். சைராக்கா பொய் சொல்றாங்க. என்ன நிறுத்திடுங்க, அவங்கள உக்கார வெச்சிருங்க" என்றேன். ஒரே மூச்சில் வந்துவிட்டது. காலையில் வராத பேச்சு.

அவர் கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "தெரியும்மா. எனக்கு இன்னா கண்ணு இல்லியா?"

"அப்ப ஏன் சார் அவங்கள..."

"சாம்பிள் ஒண்ணு கெட்டுப்போச்சு. யார் மேலயாவது ஆக்‌ஷன் எடுத்தேன்னு நான் மேல சொல்லணும். சாவி சைராகிட்ட இருந்துச்சு, அவங்களே ஒத்துக்கினாங்க. உன்ன அனுப்பிட்டா இந்த சீசன் முழுக்க முப்பத்தேழு காலுக்கு நான் எங்க போவேன்? சாவி வெச்சிக்க யாரு வேணாலும் வருவாங்க. போ, போய் வேலயப் பாரு. நாளைக்கி இன்னும் நாலு மாடல் வருது."

"அவங்களுக்கு முட்டி தேஞ்சிக்கிது சார்."

"காலைல கேட்டப்ப சொல்லியிருக்கணும் நீ," என்றார்.

சாயந்திரம் கம்பெனி பஸ்கள் நிற்கும் இடத்தில் சைராக்காவைப் பிடித்தேன். ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, இந்தக் காலிலும் அந்தக் காலிலும் மாறி மாறி நின்றுகொண்டிருந்தார். அந்த ஒரு மதியத்திலேயே முட்டி வீங்கியிருந்தது. "நான் சார்கிட்ட சொல்லிட்டேன்க்கா, அவர் கேக்கல. நான் பாவிக்கா" என்று கையைப் பிடித்துக்கொண்டேன்.

"வுடு பாக்கியா. எனக்கும் புத்தி வேணும்ல? சும்மா அழுது பேஜார் பண்ணாத." கையை உதறாமல் அப்படியே வைத்திருந்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, சின்னப் பெண் மாதிரி கேட்டார்: "அத சொல்லு மொதல்ல. உன் ஓரகத்தி பாத்தாளா?"

அவர் முகத்தைப் பார்த்தேன். நாற்காலி போய்விட்டது, முட்டி வீங்கிவிட்டது. அதற்கெல்லாம் ஈடாக அவர் கேட்டது இந்த ஒன்றைத்தான்.

"பாத்தாங்கக்கா," என்றேன். "வாயப் பொளந்துட்டாங்க. கூப்ட்டு கூப்ட்டு எல்லார்கிட்டயும் காட்னாங்க."

"பாத்தியா, நான் சொன்னன்ல!" என்று என் தோளில் ஓர் அடி போட்டுச் சிரித்தார். சிரித்துக்கொண்டே, கம்பியைப் பிடித்து, ஒரு படிக்கு ஒரு தரம் நின்று நின்று பஸ்ஸில் ஏறினார். ஜன்னல் ஓரம் உட்கார்ந்ததும் பக்கத்து சீட்டுப் பெண்ணிடம் என்னைக் கைகாட்டி ஏதோ சந்தோஷமாகச் சொன்னார். அந்தப் பெண் ஜன்னல் வழியாக எட்டி என் காலைப் பார்த்தாள்.

நான் ரப்பர் செருப்புக்குள் விரல்களை மடக்கிக்கொண்டேன்.