தென்பாதி வெயில்

பிளாரன்ஸ் நெத்திலியில் உப்புப் புரட்டிக்கொண்டிருந்தபோது கொழுந்தன் கிளாட்வின் ஒரு தாளோடு வந்து நின்றான்.

"மயினி, ஒரு கையெழுத்து."

"கை பூரா மீனு. என்னல அது?"

"மாடியில சோலார் போடுறதுக்கு. கவர்மெண்டு மானியம் தாரான். வீடு அண்ணனுக்கும் எனக்கும் பொதுவா கெடக்குல்லா, அதனால உங்களுக்கு ஆட்சேபனை இல்லைன்னு எழுதிக் கேக்கான்."

"நீயே வாசி. நான் தொட்டா தாளு நாறிப்போவும்."

அவன் வாசித்தான். இறந்துபோன அண்ணன் பெயர், அவர் மனைவி பிளாரன்ஸ் பெயர், கதவு எண், மின் இணைப்பு எண், மொட்டை மாடியில் சோலார் தகடுகள் அமைக்க எனக்கு ஆட்சேபனை இல்லை என்பது வரைக்கும், கோயிலில் வாசகம் வாசிப்பதுபோல நிதானமாக வாசித்தான்.

"எந்தப் பக்கம் வைப்ப?"

"எம் பக்கந்தான். வடபாதி."

"தென்பாதிதான் எனக்குச் சோறு. பாத்துக்கோ."

"எனக்குத் தெரியாதா மயினி? உங்க வீட்டுக்கும் ஒரு வயர் இழுத்துத் தாரேன். ஃபேனு எந்நேரமும் ஓடலாம்."

"ஃபேனோட நிறுத்திட்டியே. ஏசி கெடையாதா?"

"ஏசி அனிஷாவுக்கு. பொண்டாட்டிக்குப் பயப்பட வேண்டாமா?"

இருவரும் சிரித்தார்கள். அவள் கையைக் கழுவி, சேலைத் தலைப்பில் துடைத்துக் கையெழுத்துப் போட்டாள்.

கீழே வீடு இரண்டாகப் பிரிந்திருந்தாலும் மாடிக்குச் சுவர் கிடையாது. படிக்கட்டு அறையும் தண்ணீர்த் தொட்டியும் இருந்த வடபாதி கிளாட்வினுக்கு. வெறும் தளமாகக் கிடந்த தென்பாதி அவளுக்கு. எழுதி வைக்காத பங்கு அது. கணவர் போன எட்டு வருஷமும் அங்கே கருவாடு காயப்போட்டுத்தான் அவள் அடுப்பு எரிந்தது.

அடுத்த வாரம் ஒரு காலையில் கடற்கரை ஏலத்திலிருந்து மீன்கூடையோடு வந்து மாடியேறினாள். சோலார் போட வந்த ஆட்கள் தென்பாதியில் இரும்புக் கால்களை நட்டுக்கொண்டிருந்தார்கள்.

"அண்ணாச்சி, இது எம் பக்கம்லா?"

"எங்களுக்குப் படம் இப்படித்தான் குடுத்திருக்காவ. அந்தப் பக்கம் படிக்கட்டு ரூம் நெழல் விழுது. தகடு சும்மா கெடக்கும்."

அவள் கீழே ஓடிவந்து கிளாட்வினைக் கேட்டாள். அவன் துறைமுகத்தில் ஒரு கப்பல் ஏஜென்ட் ஆபீஸில் வேலை பார்ப்பவன். சட்டைக் கை பொத்தானைப் போட்டுக்கொண்டே பதில் சொன்னான்.

"தப்பாப் போட்டுட்டானுவ. கரண்ட் ஆபீஸ்ல இருந்து இன்ஜினியர் வருவாங்க. அவங்க மாத்தச் சொல்லிருவாங்க."

அவள் நம்பினாள். நான்கு நாள் ஏலத்துக்குப் போகவில்லை. ஐந்தாம் நாள் இன்ஜினியர் வருகிறார் என்று கேள்விப்பட்டு, எப்படியும் மதியத்துக்குள் இடம் கிடைத்துவிடும் என்று ஒரு கூடை நெத்திலி வாங்கி உப்பிட்டு மாடியில் கொண்டு வைத்தாள்.

இன்ஜினியர் சரண்யாதேவி தகடுகளைப் படமெடுத்து முடித்ததும் பிளாரன்ஸ் கேட்டாள்.

"எப்ப மாத்துவீங்கம்மா?"

"எதை மாத்தணும்?"

"இதைத்தான். வடக்க வைக்கணும்லா?"

சரண்யாதேவி ஃபைலைப் புரட்டினார். "நீங்கதான பிளாரன்ஸ்? நீங்களே எழுதிக் குடுத்திருக்கீங்களே. 'மொட்டை மாடியின் தென்பாதி முழுவதும் சோலார் தகடுகள் அமைக்கவும், இனி அவ்விடத்தில் மீன் உலர்த்துவது உள்ளிட்ட எவ்விதப் பயன்பாடும் செய்யாதிருக்கவும் சம்மதிக்கிறேன்.' இது உங்க கையெழுத்துதான?"

"கையெழுத்து என்னுது. இந்த வரி என்னுது இல்ல. கிளாட்வின், இதை நீ அன்னைக்கு வாசிக்கல."

பக்கத்தில் நின்ற கிளாட்வின் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "வாசிச்சேன் மயினி. நீங்க மீன்மேல கவனமா இருந்தீங்க."

அவள் அவனையே பார்த்தாள். அவன் திரும்பவில்லை.

"எங்க வீட்டுக்கு வயர்?" என்று இன்ஜினியரிடம் கேட்டாள்.

"இது அவங்க மீட்டருக்கு மட்டுந்தாம்மா. அப்படி இழுக்க நாங்க விடமாட்டோம். முதல்லயே அவங்ககிட்ட சொல்லியிருக்கோம்."

படிக்கட்டு வாசலில் நின்ற அனிஷாவுக்குப் பொறுக்கவில்லை. "அக்கா, வெளிப்படையாவே சொல்லுதேன். சன்னலைத் திறந்தா வாடை. வீட்டுக்கு வாரவங்க மூக்கைப் பொத்திட்டு உக்காருதாங்க. உங்கள்ட்ட நேரா எப்படிச் சொல்ல? சோலார் வந்தா அதுவா நின்னுரும்னு இவங்கதான் சொன்னாங்க."

"ஏளா, உன் புருசன் மேனேஜருக்குப் பொட்டலம் பொட்டலமா என்கிட்டதான வாங்கிட்டுப் போறான். அப்ப எந்தப் பக்கம் வாடை அடிச்சிச்சு?"

அனிஷா கிளாட்வினைப் பார்த்தாள்.

"அப்ப மானியத்துக்காக இல்ல," என்றாள் பிளாரன்ஸ். "என்னைக் கீழ இறக்கத்தான்."

"ரெண்டும் ஒண்ணா நடந்தா என்ன மயினி? வயசாச்சு. வெயில்ல கெடந்து எதுக்குக் கஷ்டப்படணும்? நாங்க பாத்துக்க மாட்டமா?"

"வயரு இழுத்துத் தாரேன்னியே, அது மாதிரியா?"

சரண்யாதேவி குரலைத் தாழ்த்தினார். "ஆட்சேபனை இருந்தா இப்பவே எழுதிக் குடுங்கம்மா. மீட்டர் வைக்காம போறேன். மானியமும் நிக்கும். ஆனா இதைக் கழட்டச் சொல்ல எனக்கு அதிகாரம் இல்ல. அது உங்க ரெண்டு பேருக்குள்ள."

"மயினி, வேண்டாம்," என்றான் கிளாட்வின். "குடும்பம் சந்தி சிரிச்சிரும்."

பிளாரன்ஸ் எழுதினாள். 'எனக்கு வாசித்துக் காட்டியது ஒன்று, இதில் இருப்பது வேறொன்று.' இன்ஜினியர் தாளை வாங்கிக்கொண்டு இறங்கிப் போனார்.

"இப்ப எனக்குக் கரண்டும் இல்ல, உங்களுக்கு வெயிலும் இல்ல. திருப்தியா?"

மணி பதினொன்று. உப்பிட்ட மீன் கூடையில் கசிந்துகொண்டிருந்தது. இன்றைக்குக் காயவில்லை என்றால் கெட்டுவிடும். பிளாரன்ஸ் கூடையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு தகடுகளுக்கு இடையே குனிந்து வந்து படியிறங்கினாள்.

கடற்கரையில் தார்ப்பாய் விரித்துக் கருவாடு காயப்போடும் இசக்கிச்செல்வி தூரத்திலேயே பார்த்துவிட்டாள்.

"என்னக்கா, கூடையத் தூக்கிக்கிட்டு? மாடி வச்சிருக்கவங்களுக்கு இங்கன என்ன வேலை?"

"ஓரமா ஒரு பாய் அளவுக்கு எடம் தா. எங்க வீட்டுல வெயில் இல்ல."

"பங்குனி மாசத்துலயா?" இசக்கிச்செல்வி விழுந்து விழுந்து சிரித்தாள். "தூத்துக்குடியில வெயில் இல்லாத வீடு ஒண்ணு இருந்தா எனக்கும் சொல்லுங்க, வாடகைக்குப் போறேன்."

பிளாரன்ஸ் குனிந்து நெத்திலியை ஒவ்வொரு கையாக அள்ளிப் பரப்பினாள்.

"சரிக்கா, சிரிப்பு போவட்டும். சொல்லுங்க, யாரு என்ன பண்ணினா?"

"ஒருத்தரும் ஒண்ணும் பண்ணல. சோலார் போட்டிருக்கு," என்றாள் பிளாரன்ஸ். "நகரு, அந்தப் பக்கமும் விரிக்கணும்."