கழுவிய தட்டு

மூன்று வருடமாக நளினி பொன்னாங்கண்ணிக் கீரையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். கோலா கெத்தில் ஊரில் அவள் அம்மா வீட்டுக்குப் பின்னால் போட்டிருந்த கீரையைப் பறித்து, காயவைத்து, சாறெடுத்து, ஆய்வுக்கூடத் தட்டில் வளரும் கண் செல்கள்மேல் ஊற்றுவாள். பிறகு புற ஊதா விளக்கைப் போடுவாள். சாறில்லாத தட்டில் நூறு செல்லுக்கு முப்பத்தெட்டு பிழைத்தது. சாறு ஊற்றிய தட்டில் எண்பத்தைந்து. வெயில் கண்ணுக்குச் செய்யும் நாசத்தைக் கீரையின் ஆக்சிஜனேற்றத் தடுப்பான்கள் தடுக்கின்றன என்று ஆய்வேட்டையும் எழுதி முடித்தாயிற்று. வெள்ளிக்கிழமை ஒப்படைக்க வேண்டும். அம்மா அதற்குள் தாமான் குடியிருப்பு முழுக்கத் தண்டோரா போட்டுவிட்டாள்.

செவ்வாய்க்கிழமை காலை, ஆய்வுக்கூட டெக்னீசியன் புவனேசன் சும்மா இருக்கமாட்டாமல் புற ஊதா டார்ச்சைத் தன் வெள்ளைச் சட்டைமேல் அடித்துக்கொண்டிருந்தார். சட்டை நீலமாக ஜொலித்தது. நாற்பது வயது மனிதருக்கு அதில் அப்படியொரு சந்தோஷம். நளினி கீரைச்சாறு நிரம்பிய சோதனைக் குழாயோடு குறுக்கே போனாள். ஜொலிப்பு பட்டென்று அணைந்தது.

"அண்ணே, மறுபடி அடிங்க."

குழாயை வேண்டுமென்றே குறுக்கே நீட்டினாள். மறுபடியும் அணைந்தது.

அவள் குழாயைக் கண்ணுக்கு நேராகத் தூக்கிப் பார்த்தாள். சாறு வெளிச்சத்தையே மறைக்கிறது. அப்படியென்றால் செல்கள் பிழைத்தது கீரையின் சத்தாலா, சாறு குடை பிடித்ததாலா? குடைதான் காரணமென்றால் கறுப்புக் காப்பியை ஊற்றினாலும் அதே எண்பத்தைந்து வந்துவிடும்.

"யாரும் கேக்க மாட்டாங்க லா," என்றார் புவனேசன். "வெள்ளிக்கிழமை குடுத்துட்டா ஹாபிஸ், வேலை முடிஞ்சிரும்."

"நான் கேப்பேனே அண்ணே."

பிடிவாதக்காரி. அன்றே புதுச் செல்களில் சாற்றை ஊற்றி ஒரு நாள் ஊறவிட்டாள். மறுநாள் அதை உறிஞ்சியெடுத்து, உப்புக் கரைசலால் இரண்டு முறை அலசி, தட்டு தெளிந்த பிறகுதான் விளக்கைப் போட்டாள். இனிக் குடை கிடையாது. செல்லுக்குள் போய் உட்கார்ந்த சத்து ஏதாவது இருந்தால் காப்பாற்றட்டும். இல்லாவிட்டால் மூன்று வருடமும் போச்சு.

வியாழக்கிழமை நீலச் சாயம் விட்டாள். செத்த செல் சாயத்தைக் குடித்து நீலமாகும், உயிருள்ளது குடிக்காது. சாறே காணாத தட்டு வழக்கம்போல நீலம் பாரித்துக் கிடந்தது. கழுவிய தட்டின் செல்களை நுண்ணோக்கியில் வைத்துக் குனிந்தாள். பக்கத்தில் புவனேசன் நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றார். எண்ணுவதற்கென்று கோடு போட்ட கண்ணாடியின் முதல் கட்டத்தில் நீலம் குறைவு. அடுத்ததிலும் குறைவு. கடைசிக் கட்டம்வரை எண்ணி முடித்தாள்.

"எவ்வளவு?"

"எழுபத்தொண்ணு."

அவர் முகம் தொங்கிப்போனது. "கொறஞ்சிருச்சே லா."

"கொறையட்டும் அண்ணே. முப்பத்தெட்டு தானாவே பொழைக்கும். அதுக்கு மேல இருக்கிறது பூரா கீரைதான். குடையெல்லாம் கழுவி ஊத்தியாச்சு."

சிரிப்பும் அழுகையுமாகச் சொன்னாள். புவனேசனுக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் விளங்கியது. விளங்கியதும் குவே பலகாரம் வாங்கக் கான்டீனுக்கு ஓடினார். நளினி கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி குனிந்து, முதல் கட்டத்திலிருந்து எண்ண ஆரம்பித்தாள். ஆசை தீரவில்லை.