வெயிலுக்கு வரைந்த தோட்டம்

முழங்கால் தேய்ந்து படி இறங்க முடியாமல் கிடந்த உம்மாவை மனதில் வைத்துத்தான், மக்களே, தஸ்மியா அந்தக் கட்டடத்தையே வரைந்தாள். வண்ணார்பேட்டையில் ஐந்து மாடி, வீட்டுக்கு வீடு தோட்டம். ஒன்றின் நிழல் இன்னொன்றில் விழாதபடி ஒவ்வொரு மாடியையும் உள்ளே தள்ளிப் படிபோல அடுக்கினாள். தெருக்கண் படாமல் ஆள் உயரத்துக்கு ஓட்டை வைத்த செங்கல் சுவர். உம்மா முக்காடில்லாமல், ஈரத்தலையோடு வெயிலில் உட்கார வேண்டும். வேறென்ன கேட்டாள் அவள்?

துபாயில் இருக்கும் அண்ணன் ஹசன் அலி மூன்றாம் மாடியில் ஒரு வீடு வாங்கினான். உம்மா மஹ்மூதா பீவி குடிவந்தாள். ஒரு மாதம் கழித்துத் தஸ்மியா போனபோது தோட்டக் கதவு சாத்திக் கிடந்தது.

"ஏன் உம்மா, வெளிய உக்காரலியா?"

"ஏளா, தெருவ மறைச்சே, மேல்வீட்ட மறந்துட்டியே!"

"மேல இருக்க பூதத்தான் அண்ணாச்சி எட்டிப் பாக்காரா?"

"சேச்சே, தங்கமான மனுசன். தண்ணி ஊத்த வரும்போதெல்லாம் மரியாதைக்கு இருமிக்கிட்டே வாராரு. இருமலக் கேட்டதும் நான் எந்திரிச்சு உள்ள ஓடணும், இந்தக் கால வச்சுக்கிட்டு."

"எத்தன தடவதான் இருமுவாரு?"

"செடி நெறைய வச்சிருக்காரு."

தஸ்மியா மேலே ஏறிப் போனாள். பூதத்தான் வாயெல்லாம் சிரிப்பாக வரவேற்றார்.

"வாங்கம்மா! தோட்டம் சொர்க்கம்லா! அம்மாவுக்குச் சங்கடம் வரக் கூடாதுன்னு இருமிட்டுத்தான் வாரேன். இன்னும் சத்தமா இருமணுமோ?"

அவள் கீழே பார்த்தாள். உம்மாவின் தோட்டம் தட்டில் வைத்ததுபோல் தெரிந்தது. மாதக்கணக்கில் கணினித் திரையில் பார்த்த அதே காட்சிதான். அப்போது அதில் ஆள் இல்லை. முக்காடு போட்டுப் பழகிய வீட்டில் பிறந்தவளுக்கே அது தோன்றவில்லை.

போனில் அண்ணனிடம் சொன்னாள்: "காக்கா, பந்தல் போட்டுக் கொடி ஏத்திருதேன். கொஞ்சம் பொறு."

"கொடி படருத வரைக்கும் உம்மா ஒளிஞ்சு ஓடணுமா? நீ படிச்சுக் கிழிச்சது போதும்ளா. மேல தகரத்தப் போடச் சொல்லிட்டேன்."

மறுவாரமே தகரம் ஏறியது. அதைப் பார்த்துப் பக்கத்து வீட்டிலும், அதற்குக் கீழேயும் ஏறியது. உம்மா இப்போது பயமில்லாமல் தோட்டத்தில் உட்காருகிறாள். மண்ணில் வைத்த மருதாணி வெளுத்துவிட்டது.

"நல்லாத்தாம்ளா இருக்கு," என்று மகளைத் தேற்றினாள் உம்மா. "ஒரு டியூப்லைட் மட்டும் மாட்டிக் குடு. பகல்லயும் போட்டுக்கிடுதேன்."

தஸ்மியா சுவிட்ச் எங்கே வைக்கலாம் என்று அந்த மங்கலில் சுவரைத் தடவிப் பார்த்தாள்.