பதினேழாம் எண் ஆட்டின் கண்ணிமை

1

இந்தக் கதை என் அக்காவிடமிருந்து எடுத்தது. பாத்திரம் துலக்கிக்கொண்டே அவள் சொன்னாள், துடைத்துக்கொண்டே நான் கேட்டேன். "இதை எழுதிக் கிழுதித் தொலைச்சுடாதே" என்றாள். எழுதுகிறவனிடம் அப்படிச் சொன்னால் என்ன நடக்கும் என்று அவளுக்குத் தெரியாதா என்ன?

அக்கா கால்நடை மருத்துவர். ஆட்டின் வயிற்றுக்குள் ஒட்டிக்கொண்டு ரத்தம் குடிக்கும் புழுக்களைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறாள். பழைய மருந்துகளுக்கு அந்தப் புழுக்கள் இப்போது மசிவதில்லை.

2

முதல் தொடக்கம்: வானம் இருண்டிருந்தது. ஆய்வுக்கூடத்தின் சன்னல்

(வேண்டாம். அன்று நல்ல வெயில்.)

இரண்டாம் தொடக்கம்: அறுபது ஆடுகள். பாதிக்குப் புது மருந்து, பாதிக்கு அதே நிறத்தில் வெறும் தண்ணீர். எந்தப் புட்டியில் எது என்று ஊற்றுகிற அக்காவுக்கே தெரியாது. தெரிந்தால் மனம் ஒரு பக்கம் சாயும் என்பதால், விவரத்தை உறையில் போட்டு ஒட்டி மேலதிகாரியின் அலமாரியில் பூட்டியிருந்தார்கள்.

இதையெல்லாம் படிவத்தில் அச்சடித்து ஆட்டுக்காரர்களிடம் கையெழுத்தும் வாங்கினார்கள். ஆனால் வாய்ப்பேச்சில் இரண்டு புட்டிக்கும் ஒரே பெயர்தான்: மருந்து. "ஒவ்வொருத்தரா நிக்க வெச்சு எத்தனை தடவைதான் விளக்குறது?" என்றாள் அக்கா. கதையின் தவறு இந்தச் சௌகரியத்தில் இருக்கிறது. (இன்னொன்றும் இருக்கிறது. அதற்கும் வருகிறேன்.)

3

கையெழுத்துப் போட்டவர்களில் ஒருத்தி ஆட்டுக்காரம்மா. அவளை முதலில் அப்பாவியாக எழுதினேன். படித்துவிட்டு அக்கா காகிதத்தைத் தூக்கிப் போட்டாள்.

"அவங்களா அப்பாவி? முதல் நாளே என்னை ஏற இறங்கப் பார்த்துட்டு, 'உங்களுக்கே ஒரு புட்டி ஊத்தணும் போலிருக்கே டாக்டரம்மா'ன்னு கேட்டவங்கடா!"

சரி, அப்பாவி இல்லை. அவளிடம் இருந்தது ஒரே ஆடு. கீழே விழுந்த தழையைத் தொடாது என்பதால் அதற்கு மகாராணி என்று பெயர். ஆராய்ச்சிக்கு அது பதினேழு. காதில் மஞ்சள் வில்லை.

புட்டியைச் சரித்த அன்று மகாராணி தலையை உதறியது. ஆட்டுக்காரம்மாவின் பிடி நழுவி, கொஞ்சம் அவள் முழங்கை வரை வழிந்தது. இதை மறந்துவிடாதீர்கள்.

4

இருபத்தேழாம் நாள். அக்கா பதினேழின் கீழிமையை விரலால் இழுத்து, ஐந்து நிறங்கள் அச்சிட்ட அட்டையை அருகில் பிடித்தாள். நல்ல சிவப்பு என்றால் ஒன்று. காகிதம்போல் வெளுத்திருந்தால் ஐந்து. ஐந்து என்றால் ஆட்டை அப்போதே ஆராய்ச்சியிலிருந்து விலக்கிச் சிகிச்சை தந்துவிட வேண்டும். மறுநாள்தான் கடைசிப் பரிசோதனை. ஒரே ஒரு நாள்.

இமை நாலுக்கும் ஐந்துக்கும் நடுவில் இருந்தது. நாலு என்று எழுதினாள்.

(அவள் கை நடுங்கியதாக எழுதியிருந்தேன். "நடுங்கல. அதான்டா எனக்குத் தாங்கல" என்று அந்த வரியை அடித்துவிட்டாள்.)

மறுநாள் காலை பதினேழு எழுந்திருக்கவில்லை. உறையைப் பிரித்தபோது தெரிந்தது: அதற்கு ஊற்றியது தண்ணீர். மற்றபடி மருந்துக்கு வெற்றி. ஆய்வுக் கட்டுரையில் ஒரு வரி வந்தது: "மருந்து பெறாத பிரிவில் ஓர் ஆடு இறந்தது." எழுத்தாளனாக எனக்கு அந்த வரிமேல் பொறாமை. எவ்வளவு சுத்தம்! அதில் யாரும் அழவில்லை, யாரும் நாலு என்று எழுதவில்லை.

5

முடிவு ஒன்று: அக்கா போய் உண்மையைச் சொல்கிறாள். ஆட்டுக்காரம்மா திட்டித் தீர்த்துவிட்டு, பிறகு

முடிவு இரண்டு: ஆட்டுக்காரம்மா மன்னித்து (மன்னிக்கவைக்க நான் யார்?)

நடந்தது இது. இழப்பீடாகத் தந்த குட்டிக்கு ஊற்ற, நிஜ மருந்தோடு அக்கா போனாள். சொல்லிவிடுவது என்றுதான் போனாள். வாயெடுப்பதற்குள் ஆட்டுக்காரம்மா முந்திக்கொண்டாள்.

"என் தப்புதான் டாக்டரம்மா. அன்னிக்கு நான் கெட்டியாப் பிடிச்சிருந்தா மருந்து முழுசா உள்ள போயிருக்கும். நான்தான் கொன்னுட்டேன். நீங்க ஏன் முகத்தை இப்படி வெச்சுக்கறீங்க?"

குட்டியைத் தொடைகளுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு, இரண்டு கையாலும் தாடையைப் பிடித்தாள். அதற்குக் கத்தக்கூட வழியில்லை.

"கொஞ்சம் தளர்த்திப் பிடிங்கம்மா. மூச்சு முட்டும்."

"மாட்டேன். ஒரு தடவை விட்டுட்டுப் பட்டது போதும்."

அக்கா ஊற்றிவிட்டுத் திரும்பிவிட்டாள். மூன்று வருடமாகப் போய்வருகிறாள். குட்டி வளர்ந்துவிட்டது, தாடையை உதறுவதை அது என்றைக்கோ விட்டுவிட்டது. ஆட்டுக்காரம்மா இன்னும் அப்படியேதான் பிடிக்கிறாளாம்.

6

"அவங்ககிட்ட சொல்ல முடியல. அதான் உன்கிட்ட சொன்னேன்" என்றாள் அக்கா, கடைசித் தட்டைக் கழுவி நீட்டியபடி. நான் உங்களிடம் சொல்கிறேன். ஆக, இப்போது மூன்று தரப்புக்குத் தெரியும். தெரியவேண்டியவளுக்கு மட்டும் தெரியாது.

முடிவை உங்கள் தலையில் கட்டிவிடலாம் என்று நினைத்திருந்தேன். வேண்டாம். வியாழக்கிழமை அக்கா மறுபடி அங்கே போகிறாள். ஒரு துண்டுக்காகிதத்தில் பாதி வாக்கியம் எழுதி, நிற அட்டையோடு சேர்த்து அவள் பையில் வைத்திருக்கிறேன். மீதியை எழுத வேண்டியவன் நான் இல்லை; நீங்களும் இல்லை.

"அம்மா, அன்னிக்கு நீங்க பிடிச்சது சரியாத்தான் இருந்துச்சு. அந்தப் புட்டியில