கழற்றாத திரை

விடியற்காலை ஐந்து மணிக்கே நானும் ஓசியேலும் மேடையில் இருந்தோம். இரும்புக் கால் வைத்த எட்டுச் சட்டங்களைத் தோளில் சுமந்து வந்து நிறுத்தி, கறுப்புத் துணியை இழுத்துக் கட்டினோம். பின்னால் கம்பளம் விரித்தோம். இன்று இசைக்குழுவுக்கு ஆள் எடுக்கும் தேர்வு; நடுவர்கள் முகம் பார்க்காமல் காதால் மட்டும் கேட்கத்தான் இந்தத் திரை. வாசிக்க வருகிறவர் ஆணா பெண்ணா என்று செருப்புச் சத்தம்கூடக் காட்டிக்கொடுக்கக் கூடாதாம். இருபத்திரண்டு வருடமாக இந்த இசைக்குழுவுக்குச் சுமக்கிறேன். முதுகு போயே போச்சு.

ஜுசாரா எங்களுக்கு முன்பே வந்து, நடையில் உட்கார்ந்து நாணல் சீவிக்கொண்டிருந்தாள். ஓபோக் குழலின் வாயில் செருகுகிற நாணல் அது. விரலெல்லாம் கத்திக் கீறல். ஏழு வருடமாக, யாருக்காவது காய்ச்சல் என்றால் கூப்பிடுகிற மாற்று ஆள் அவள். மூன்று முறை நிரந்தர இடத்துக்கு வாசித்தாள். திரைக்குப் பின்னால் மூன்று முறையும் முதலிடம். இறுதிச் சுற்றில் திரையைக் கழற்றியதும் மூன்று முறையும் தோல்வி.

"இன்னிக்கும் கழட்டுவீங்களாண்ணே?"

"விதி அதுதானேம்மா."

"அப்ப எதுக்கு இப்படிச் சீவிச் சாகுறேன்? அலுத்துப்போச்சுண்ணே. இதுதான் கடைசி. இனிமே ஓபோவத் தொட மாட்டேன்."

அவள் அழவில்லை. அழுதிருந்தால்கூடத் தேவலை. மூன்று முறையும் கழற்றியது இந்தக் கைதானே! பிரேசிலில் எங்கள் சால்வடோர் ஊரில் பத்துப் பேரில் எட்டுப் பேர் ஜுசாராவையும் என்னையும் போலக் கறுப்பு நிறம்; இந்த மேடையில் எழுபது பேரில் மூன்று பேர்.

பத்து மணிக்குள் இருவர்தான் மிஞ்சினார்கள், நான்காம் எண்ணும் ஒன்பதாம் எண்ணும். கீழே இயக்குநர் லசேர்டா நடுவர்களிடம் பூரித்துப்போனார்.

"நாலாம் நம்பர் என்ன மூச்சுங்க! ஐரோப்பாவுல படிச்ச ஆளுதான், பந்தயம் வைக்கிறேன்."

ஜுசாராவிடம் நான்காம் எண் சீட்டைக் கொடுத்தவன் நான்.

"வால்மீர், திரையக் கழட்டு."

"மாட்டேன் சார். கடைசி வரைக்கும் காதாலயே கேளுங்க."

"ஆளு பாக்க எப்படி இருக்காங்கன்னு தெரிய வேண்டாமா?"

"மூணு தடவ பாத்தீங்களே, போதாதா?"

"நாற்காலி தூக்குறவன் எனக்குச் சங்கீதம் சொல்லித் தர்றியா? ஓசியேல், நீ கழட்டுடா!"

ஓசியேலுக்கு நான்கு பிள்ளைகள். தயங்கித் தயங்கி வந்தான். முதல் சட்டத்தை இறுகப் பிடித்துக்கொண்டான்.

"எனக்கும் முதுகு வலி சார்."

நடுவராக இருந்த வயோலாக்காரி நொயேமியா எழுந்தாள். "மூணு தடவையும் அவளுக்கு எதிரா கை தூக்குனவ நான். வெக்கமா இருக்கு." மேடையேறி அடுத்த சட்டத்தைப் பிடித்தாள். ஒத்திகைக்கு வாத்தியங்களோடு காத்திருந்தவர்களும் ஒவ்வொருவராக வந்து சூழ்ந்தார்கள்.

"தேர்வு ரத்து! நாளைக்கு ஒருத்தனுக்கும் வேலை இருக்காது!" லசேர்டா தொலைபேசியை எடுத்தார்.

அப்போது திரைக்குப் பின்னாலிருந்து ஜுசாராவின் ஓபோ ஒலித்தது. ஒரே சுரம், நீளமாக. கச்சேரிக்கு முன் அத்தனை வாத்தியங்களும் சுருதி சேர்ப்பது அந்தச் சுரத்துக்குத்தான். பக்கத்திலேயே இன்னொரு ஓபோவும் சேர்ந்துகொண்டது. அது ஒன்பதாம் எண், வெள்ளைத் தோல் ஆள். திரையைக் கழற்றினால் இடம் அவனுக்குத்தான்.

லசேர்டா தொலைபேசியில் கத்திக்கொண்டே இருந்தார். நானும் ஓசியேலும் சட்டங்களை விடவில்லை. எங்களைச் சுற்றி நின்றபடியே வாத்தியக்காரர்கள் அந்தச் சுரத்துக்குச் சுருதி சேர்க்க ஆரம்பித்தார்கள்.